கலையரசி டீச்சர் நெற்றியில் இருந்த திருநீறு

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் கலையரசி டீச்சரைத் தெரியும். கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்கு எடுக்கிறாள். ஏழைப் பெண், படித்தாள், முன்னுக்கு வந்தாள் என்று எல்லோரும் அவளைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லுவார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் அந்த வேலை என் மகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தவள் நான். எனவே நான் சொல்லும்போது கதை கொஞ்சம் வேறு மாதிரி வரும்.

கலையரசியின் அம்மா லில்லி, ஐயம்பேட்டைக்காரி. லில்லியைப் பெற்றவள் தென்னேரிப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். அவளைப் பெற்றவளும் அதே வேலைதான். மூன்று தலைமுறையில் லில்லிதான் முதலில் சேற்றிலிருந்து காலை எடுத்தவள். அவள் புருஷன் யேசுதாஸ் ஐயம்பேட்டைக்கும் பஸ் நிலையத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். மாதா கோயில் குடும்பம். லில்லி கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் தெருவுக்கு வந்து, பாவு பிணைக்கிற வேலையைக் கற்றுக்கொண்டாள்.

அது என்ன வேலை என்றால், தறியில் நீளவாட்டில் ஓடுகிற இழைகள்தான் பாவு; ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் நுனியோடு புதுப் பாவின் நுனியை இழைக்கு இழை சேர்த்து முறுக்க வேண்டும். முடிச்சுப் போடக்கூடாது. விரலில் திருநீறு தொட்டுக்கொண்டு முறுக்கினால் இரண்டு இழையும் பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு கொட்டாங்குச்சியில் திருநீறு இருக்கும். நாலாயிரம் இழைக்குக் குறையாது. தறிக்குள் குனிந்து உட்கார்ந்தால் இடுப்பு ஒடிந்துபோகும். லில்லி கை வைத்த பாவு அறுந்தது கிடையாது. அதனால் என் வீட்டுக்காரர் பஞ்சாட்சரம் வேறு யாரையும் கூப்பிட விடமாட்டார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். லில்லி எங்கள் வீட்டில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்வாள், ஆனால் எங்கள் தட்டில் அவளுக்குச் சோறு போட்டதில்லை. கொல்லைப் பக்கம் ஒரு அலுமினியத் தட்டு தனியாக வைத்திருந்தேன். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். லில்லி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு நாள் தன் பையிலிருந்து புத்தம்புது எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்து வைத்தாள்.

"இதுல போடுங்கக்கா."

"இன்னாடி, புதுசா வாங்கினியா?"

"வாங்கலக்கா. பாப்பாவுக்கு இஸ்கூல்ல குடுத்தாங்க. மொத ராங்கு."

தட்டின் விளிம்பில் பேர் வெட்டியிருந்தது. எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி, ஆனாலும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். கலையரசி. என் மகள் புவனேஸ்வரி அதே பள்ளிக்கூடத்தில், அதே வகுப்பில், அதே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறவள். அவளும் அன்றைக்குப் பரிசு வாங்கி வந்திருந்தாள். இரண்டாம் பரிசு. டம்ளர்.

புவனா எனக்கு முப்பத்தைந்து வயதில் பிறந்தவள். பெரியவன் ஜெயக்குமாருக்குப் பிறகு ஒன்பது வருஷம் கழித்து, திருக்கச்சி ஏகாம்பரநாதருக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை. அந்தப் பிள்ளை வருஷா வருஷம் டம்ளர் வாங்கியது. லில்லி வருஷா வருஷம் தட்டு மாற்றினாள். அவள் சாப்பிட உட்காரும்போதெல்லாம் நான் சோறு போடக் குனிவேன். சோற்றுக்கு அடியில் அந்தப் பேர் தெரியும். ஒரு கரண்டி அதிகமாகப் போட்டு அதை மூடிவிடுவேன். லில்லி, "போதுங்கக்கா, போதுங்கக்கா" என்பாள். நான் தாராளமாகப் போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

என் நாத்தனார் மஹாலட்சுமி அடுத்த தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். எங்கே குத்தினால் வலிக்கும் என்று பார்த்துக் குத்துகிறவள். பத்தாம் வகுப்பு மார்க்கு வந்த அன்றைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"இன்னா அண்ணி, நெய்யுறவன் பொண்ணு நானூத்தி அறுபது, பிணைக்கிறவ பொண்ணு நானூத்தி எண்பத்தொண்ணாமே?"

"அவளுக்கு அங்க எல்லாம் சொல்லிக் குடுப்பாங்க. அவங்க ஆளு ஆச்சே."

"அப்படியா? கணக்கு பேப்பரை சிஸ்டரா திருத்துது? கவர்மெண்டு இல்ல திருத்துது?"

நான் காப்பி போட எழுந்து போனேன்.

இரண்டு பெண்களும் கணக்கிலேயே பட்டம் படித்தார்கள், பி.எட். முடித்தார்கள். அவர்களுக்குள் ஒரு சண்டை வந்து நான் பார்த்ததில்லை. புவி, கலை என்று ஒரே போனில் இரண்டு காது வைத்துப் பேசுவார்கள். எரிச்சலெல்லாம் எனக்குத்தான். ஆறு வருஷத்துக்கு முன்பு அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஓய்வு பெற்றார். ஒரே ஒரு இடம். இரண்டு பேரும் மனுப் போட்டார்கள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் எடுத்துக் காட்ட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் கடிதம் வந்தது.

அந்த வாரம் திங்கட்கிழமை எங்களுக்குப் புதுப் பாவு வந்திருந்தது. அவசரம் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை பிணைத்தாலும் போதும். நான் புதன்கிழமை மத்தியானம் லில்லிக்குப் போன் போட்டேன்.

"லில்லி, வெள்ளிக்கிழமை தறி ஓடியாகணும். இன்னிக்கே வந்து குந்து."

"கண்ணு தண்ணியா ஊத்துதுக்கா. ஒரேயடியா முடிக்க முடியாது."

"முடிஞ்ச வரைக்கும் பண்ணு. மீதிக்கு காலையில பாப்பா வரட்டும்."

"நாளைக்கு அதுக்கு இஸ்கூல்ல வரச்சொல்லிக்கிறாங்களேக்கா."

"பத்து மணிக்குத்தானே! எங்க வூட்லயும்தான் ஒருத்தி போறா."

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பாவைப் பிணைக்கத் தொடங்கிய வீட்டுக் கைதான் அதை முடிக்க வேண்டும். ஆளுக்கு ஆள் முறுக்கு மாறும். ஒரு பாதி இறுக்கமாகவும் ஒரு பாதி தளர்ச்சியாகவும் வந்தால் தறியில் சீப்பு மாதிரி இருக்கிற அச்சில் மாட்டி அறும். கலையரசி அம்மாவிடமே கற்றவள் என்பதால் அவள் முறுக்கு அப்படியே அம்மா முறுக்கு. லில்லிக்குக் கண்ணில் புரை விழுந்து ஒரு வருஷமாகியிருந்தது. பாதிக்கு மேல் அவளால் தாங்காது, மீதிக்கு மகள் வந்தே ஆக வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டேன்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு, அம்மா பாதியில் விட்டுப்போன பாவை முடிக்கக் கலையரசி சைக்கிளில் வந்துவிட்டாள். மாற்றுப் புடவையை ஒரு துணிப்பையில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். முகத்தில் ஒரு கோபம் இல்லை. தறிக்குள் இறங்கி உட்கார்ந்து கொட்டாங்குச்சியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். வாய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஜபம் சொல்லுகிறாளோ என்று கிட்டே போய்க் கேட்டேன். அன்றைக்கு எடுக்கப்போகிற பாடத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கம் நான் புவனாவுக்குத் தலை வாரினேன். அவள் குளித்துவிட்டு வழக்கம்போல் திருநீறு கீற்று இட்டு, குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். நான் முந்தானையால் இரண்டையும் அழுத்தித் துடைத்தேன்.

"ஏம்மா தொடைக்கிற?"

"அங்க அதெல்லாம் புடிக்காதுடி. சிஸ்டருங்க மொதல்ல நெத்தியத்தான் பாப்பாங்க."

"யார் சொன்னது?"

"எனக்குத் தெரியும். நீ சும்மா இரு."

தறிக்குள்ளிருந்து கலையரசி தலையைத் தூக்கினாள். "புவி, பொட்டு இல்லாம நீ நல்லாவே இல்லடி. யாரோ மாதிரி இருக்குற. பெரிம்மா, வைச்சி அனுப்புங்க."

"நீ இழையப் பாரு. அறுந்துடப் போவுது" என்றேன் நான்.

ஒன்பது மணிக்கு ஜெயக்குமார் தங்கச்சியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். கலையரசி ஒன்பதே காலுக்குத்தான் கடைசி இழையை முறுக்கிவிட்டு எழுந்தாள். எழுந்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினாள், கொல்லைப் பக்கம் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். வேர்வையைப் புறங்கையால் துடைத்துத் துடைத்து வேலை செய்தவள். அவள் நெற்றியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மூன்று விரல் அகலத்துக்குத் திருநீறு. பூசை முடித்து வந்தவர்கள்கூட அவ்வளவு அழகாகப் பூசியிருக்கமாட்டார்கள்.

முகம் பார்க்கிற கண்ணாடி எங்கள் வீட்டில் உள்ளறையில் இருக்கிறது. பூசை அலமாரியும் அங்கேதான். அவளோ அவள் அம்மாவோ அந்த அறைக்குள் வந்ததில்லை, நாங்களும் வா என்று சொன்னதில்லை. அதனால் அவள் என்னிடம் வந்து நின்றாள்.

"பெரிம்மா, சரியா இருக்கேனா?"

நான் அவள் தலையைப் பார்த்தேன், நெற்றியைப் பார்த்தேன், புடவை மடிப்பைப் பார்த்தேன்.

"நல்லா இருக்குற. போ, நேரமாச்சு."

என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தாள். தெருமுனை திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்று பார்த்தேன். கூப்பிடலாமா என்று ஒரு தடவை நினைத்தேன். வாய் வரவில்லை. வராமல் நான்தான் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே வந்தால் என் வீட்டுக்காரர் பிணைத்த இடத்தை அச்சைத் தாண்டி மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தார். முறுக்கு சரியில்லை என்றால் அங்கேதான் அறும். அரை நாள் வேலையை மூன்று மணி நேரத்தில் அவசர அவசரமாகச் செய்தவள் ஆயிற்றே, பத்து இழையாவது அறும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொந்தப் பாவு அறுந்தால் நஷ்டம் எனக்குத்தான். இருந்தும் அறட்டும் என்று இருந்தது. ஒன்றுகூட அறவில்லை.

"லில்லி பொண்ணு கையி தங்கம்" என்றார் அவர்.

ஒன்றரை மணிக்குப் புவனா வந்தாள். செருப்பைக் கழற்றி விட்டெறிந்துவிட்டு நேரே கண்ணாடிக்குப் போய் ஒரு பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாடி ஆச்சு?"

"பெரிய சிஸ்டர் இன்னா கேட்டாங்க தெரியுமா? 'ஏம்மா நெத்தி வெறுமையா இருக்குது, வீட்ல ஏதாவது துக்கமா?'ன்னு கேட்டாங்க. எனக்குச் சின்னதுல இருந்து பாடம் எடுத்தவங்கமா அவங்க. என்னைப் பொட்டு இல்லாம பார்த்ததே கிடையாது."

"நீ இன்னா சொன்ன?"

"இன்னா சொல்றது? உங்களுக்குப் புடிக்காதுன்னு எங்கம்மா தொடைச்சி அனுப்பிச்சாங்கன்னு சொல்ல முடியுமா? சோப்பு போட்டதுல போயிடுச்சின்னு உளறினேன். அந்தப் பொய்யோடயே போயி போர்டு முன்னாடி நின்னேன்."

நானே கேட்டேன். "அவ?"

புவனாவுக்கு முகம் மாறியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "அவ உள்ள போனதும் பசங்க எல்லாம் 'மிஸ், நெத்தில விபூதி, மிஸ், நெத்தில விபூதி'ன்னு ஒரே கூச்சல். நான் வெளிய பெஞ்சில உக்காந்து கேட்டுக்கினு இருக்கேன். அவ நெத்தியத் தொட்டுப் பார்த்துட்டுச் சிரிச்சா. 'விபூதிதான். பூசிக்கினது இல்ல, வேலையில ஒட்டிக்கினது. பாவு பிணைச்சிட்டு வரேன்'னா. உடனே பாதிப் பசங்க, 'எங்கம்மாவும் பிணைப்பாங்க மிஸ்', 'எங்க சித்தி பிணைக்கும் மிஸ்'னு எழுந்து நிக்குது. 'சரி, ஆறு மணிக்குக் குந்தினேன், ஒன்பதே காலுக்கு எழுந்தேன், ரெண்டாயிரம் இழை, நிமிஷத்துக்கு எத்தனை இழை சொல்லு'ன்னா. ஒருத்தன், 'எத்தனை அறுந்துது மிஸ், அதைக் கழிக்கணும்'னான். 'முறுக்கும்போது நாலு'ன்னா. வகுப்பே கணக்குப் போடுதும்மா. மணி அடிச்சும் அவளை விட மாட்டேங்குதுங்க."

மூன்று விரல் அகலத் திருநீறு அவளை வெளியே தள்ளும் என்று நம்பி அனுப்பினேன். அதுவே அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அடுத்த வாரம் கலையரசிக்கு வேலை வந்துவிட்டது. "அவங்க ஆளுக்குத்தான் குடுப்பாங்கன்னு அப்பவே சொன்னேன்" என்று நான் தொடங்கினேன். புவனா என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

"போதும்மா. அந்த இடத்துல முன்ன யாரு இருந்தாங்க? உமாபதி சாரு. முப்பது வருசம் பட்டை போட்டுக்கினு, கழுத்துல ருத்திராட்சத்தோட தானே பாடம் எடுத்தாரு? அவரு அப்பாவோட மாமா வூட்டுக்குப் பங்காளி வேற. உனக்கு எல்லார் சொந்தமும் ஞாபகம் இருக்குது, அது மட்டும் மறந்துபோச்சா?"

ஆமாம். உமாபதி எங்கள் மாமியாரின் தம்பி வீட்டுக்குப் பங்காளி முறை. அவர் தாத்தா பேர்கூட எனக்குத் தெரியும். அவர் நெற்றிதான் அன்றைக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

புவனா பிறகு வாலாஜாபாத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள், அங்கேயே கல்யாணமும் ஆனது. நன்றாகத்தான் இருக்கிறாள். நான்தான் நன்றாக இல்லை. தினமும் காலை எட்டரைக்குக் கலையரசி எங்கள் தெரு வழியாகத்தான் போவாள். முதலில் சைக்கிள், அப்புறம் ஸ்கூட்டி. தெருப்பிள்ளைகள் "குட்மார்னிங் மிஸ்" என்று வரிசையாகச் சத்தம் போடும். கேட்கக்கூடாது என்று அந்த நேரத்துக்கு மிக்ஸியைப் போடுவேன். அவள் சம்பளத்தில் லில்லிக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று. இனிமேல் லில்லி வேலைக்கு வரமாட்டாள், அந்தத் தட்டு முகத்தில் விழிக்க வேண்டாம் என்று நினைத்தேன். அவளோ, "இப்பதாங்கக்கா இழை நல்லா தெரியுது" என்று சிரித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அதே தட்டு.

போன வருஷம் மே மாதம். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை சேர்க்க டீச்சர்கள் வீடு வீடாக வருவார்கள். எங்கள் தெருவுக்கு வந்தது கலையரசி. ஜெயக்குமாரின் மகள் ஐந்தாவது முடித்திருந்தாள். எட்டு வீட்டுக்காரர்கள் பார்க்க, என் வீட்டு வாசலில் நின்று, "பெரிம்மா, பாப்பாவ ஆறாவதுக்கு எங்ககிட்ட அனுப்புங்க" என்றாள்.

உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டேன். மோர் கொடுத்தேன், எங்கள் டம்ளரில். அவள் அதைக் கையில் வாங்கி ஒரு நொடி பார்த்தாள். விளிம்பில் பேர் வெட்டியிருந்தது. புவனேஸ்வரி. பதற்றத்தில் கைக்கு வந்ததை எடுத்திருக்கிறேன்.

"இதைக் குடுக்கும்போது நான் பக்கத்துல நின்னேன் பெரிம்மா. ஏழாவது படிக்கும்போது" என்று சொல்லிவிட்டு வாய் வைத்துக் குடித்தாள்.

எனக்கு என்ன தோன்றியதோ, கேட்டுவிட்டேன். "கலை, அன்னிக்கு உன் நெத்தியில இருந்தது…"

"நீங்க பார்த்தீங்க. தெரியும் பெரிம்மா."

"எப்பத்திலிருந்து?"

"பசங்க கத்தினப்பவே. சரியா இருக்கேனான்னு உங்களைத்தானே கேட்டுட்டு வந்தேன்."

"அப்புறமும் என் வூட்டுக்கு உங்கம்மாவ வேலைக்கு அனுப்பிச்சியே?"

"அம்மாகிட்ட சொல்லல. சொன்னா அவங்களுக்கு இந்த வூடு இல்லாமப் போயிடும். முப்பது வருசமா வந்துக்கினு இருக்காங்க." டம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்குக் கோபம் இருந்துச்சு பெரிம்மா. இப்பவும் கொஞ்சம் இருக்குது. அதுக்கும் பாப்பா படிப்புக்கும் சம்பந்தம் இல்ல. கையெழுத்துப் போடுங்க."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இந்தத் தடவை நான் பிடித்துக்கொள்ளவில்லை, உண்மையாகவே வரவில்லை. ஜெயக்குமார் தறியிலிருந்து எழுந்து வந்து கையெழுத்துப் போட்டான். அவள் கிளம்பும்போது, "உள்ளறையில கண்ணாடி இருக்குது. முகம் கழுவிட்டுப் போயேன், வெய்யிலு" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். நெடுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள்.

பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய முதல் நாள், வழக்கத்தைவிடப் பெரிதாகவே திருநீறு பூசி அனுப்பினேன்.

இந்த வருஷம் ஆண்டு விழாவில் கலையரசி டீச்சர் கையால் பேத்திக்குப் பரிசு. ஓடிவந்து என் மடியில் போட்டாள். டம்ளர்.

லில்லி தறிக்குள் உட்கார்ந்து பிணைத்துக்கொண்டிருந்தாள். "ரெண்டாவதாக்கா? அட, நல்ல பொண்ணு" என்றாள். நான் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"தட்டு யாருக்குடி?"

"தென்னேரியில இருந்து வருதே ஒரு பொண்ணு, அதுக்கு."

"அவங்கப்பா இன்னா பண்றாரு?"

லில்லி இழையை விட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.